ஜெனரேட்டரைத் தாண்டி ஒரு பாஞ்சோ

மேடையில் வாசிக்கக் கட்டுப்படியாகிற விலையில் ஒரு பாஞ்சோ வேண்டும் என்று அமெரிக்காவில் கேட்டால் மரம், தோல், வளையம் என்று பேச்சு நீளும். கேளம்பாக்கத்தில் ஒரே கேள்விதான்: “ஜெனரேட்டர் சத்தத்தைத் தாண்டிக் கேக்குமா?”

நியாயமான கேள்வி. எங்கள் மெல்லிசைக் குழு வாசிக்கிற இடங்கள் அப்படி. அடுக்ககத்துப் பொங்கல் விழா, வண்டலூர் சாலை மண்டபங்களில் வரவேற்பு, ஆடியில் கூழ் வார்க்கிற கோயில்கள். பாடகருக்குப் பின்னால் ரிதம் பேட், எதிரே லைவ் தோசை கவுன்ட்டர். நடுவில் ஒருவன் ஐந்து தந்திகளை வருடிக்கொண்டிருந்தால் அது அவனுக்கு மட்டுமே கேட்கும்; அதுவும் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்காத நேரமாகப் பார்த்து.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டி உருவாக்கிய வாத்தியம் அது. 1940களில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்றே விரல்களால் அதைப் பொரித்துத் தள்ளிய பதிவுகளைக் கேட்டவனுக்குக் கிடார் கொஞ்சம் சோம்பேறியாகத்தான் தெரியும். அங்கே கற்றுக்குட்டிகளுக்கென்று செய்கிற டியரிங் குட் டைம் பாஞ்சோ, இங்கே வந்து இறங்கும்போது கற்றுக்குட்டி விலையில் இருப்பதில்லை. அந்தப் பணத்துக்கு இரண்டு வாஷிங் மெஷின் வாங்கலாம் என்றாள் என் மனைவி. “அதுவும் சத்தம் போடுங்க, துணியும் துவைக்கும்.”

இதில் பின்பக்கம் திறந்ததா, மூடியதா என்று ஒரு வழக்கு வேறு. மரத்தட்டால் மூடிய ரெசனேட்டர் வகை ஒலியைச் சபையை நோக்கித் தள்ளும். திறந்தது, வாசிப்பவரின் வயிற்றோடு பேசிவிட்டு நின்றுவிடும். மேடைக்கு மூடியதே சரி. எடையும் விலையும் கூடும். சரி, மைக் வைக்கலாம் என்றால், இழுத்துக் கட்டிய அந்தத் தோல்பரப்பு மானிட்டர் ஸ்பீக்கரோடு கூட்டணி சேர்ந்து ஊளையிடும். எல்லாவற்றுக்கும் மேலே கோவளத்துக் காற்று. உப்பளங்கள் உள்ள ஊரில் இரும்புத் தந்தியின் ஆயுள் என்ன என்பதற்கு எங்கள் பால்கனி கிரில்லே ஜாதகம்.

ஆகவே நம் நாட்டு பாஞ்சோ: புல்புல்தாரா. 1912இல் ஜப்பானின் நகோயாவில் மொரிதா கோரோ என்பவர், டைப்ரைட்டர் மாதிரி சாவிகள் வைத்துச் செய்த தைஷோகோட்டோதான் கடல் தாண்டி வந்து இந்தப் பெட்டியானது. இடது கை சாவியை அழுத்த, வலது கை தந்தியை மீட்டும். மும்பைப் பிள்ளையார் ஊர்வலங்களில் இதற்கு, தந்தியின் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் பொருத்தி, பாஞ்சோ பார்ட்டி என்றே கூப்பிடுகிறார்கள். ரித்தேஷ் தேஷ்முக் நடித்து 2016இல் ‘பாஞ்சோ’ என்று ஓர் இந்திப் படமும் வந்தது. டோல், தாஷா மேளங்களுக்கு நடுவே கேட்கிற வாத்தியத்துக்குத் தோசைக்கல் எம்மாத்திரம்?

வித்துவான்கள் முகம் சுளிப்பார்கள். ஸ்வரம் நட்டுக்குத்தலாக நிற்கும், கமகம் வழுக்காது. கிட்டத்தட்ட இதே குற்றத்துக்காகத்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்தது. எங்கள் குழுவில் கமகம் என்பது பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கும்போது தானாக வருவது என்பதால் எனக்கு அந்தக் கவலை இல்லை.

வாங்கும்போது ஒவ்வொரு சாவியையும் அழுத்திப் பாருங்கள். கடைக்காரர் பொறுமை இழக்கும்வரை பாருங்கள். சாவி ஆடினால், அந்த டக்டக் பிக்கப்பில் ஏறிப் பாட்டைவிடப் பெரிதாகக் கேட்கும். முறுக்காணி வழுக்கினால் இரண்டாவது பாட்டிலேயே சுருதி விவாகரத்து. மேல்ஸ்தாயியின் கடைசிச் சாவிவரை ஸ்வரம் சேர்கிறதா என்றும் கேளுங்கள். மலிவுப் பெட்டிகள் அங்கேதான் பல்லை இளிக்கும். மேலே ஒட்டிய பூ, மயில், ஜிகினாவுக்கெல்லாம் காசு தராதீர்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல பிக்கப், நல்ல கேபிள், ஒரு கட்டு மாற்றுத் தந்தி இவற்றில் போடுங்கள். மேடையில் உயிரை விடுவது பெரும்பாலும் கேபிள்தான். பழி மட்டும் வாத்தியத்துக்கு.

இப்படியெல்லாம் ஆராய்ந்து பெட்டியை வாங்கி 515 பஸ்ஸில் ஏற்றினால், கண்டக்டர் அதைத் தையல் மெஷின் என்றே முடிவு கட்டி லக்கேஜ் பேச்சை எடுத்தார். திறந்து காட்டி மீட்டினேன். “மூடுங்க சார், டிக்கெட்டே வேணாம்” என்றார்.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்றே ஒன்று. என் மனைவி டைப்ரைட்டிங் ஹையர், முதல் வகுப்பு. அந்தக் காலத்து ‘ஏ எஸ் டி எஃப்’ பயிற்சி இடது கையில் அப்படியே இருக்கிறது. நான் சாவியைத் தேடிக் குனிந்துகொண்டிருக்கும்போது, அவள் டிவி சீரியலைப் பார்த்தபடி பல்லவி முடித்து அனுபல்லவிக்குப் போய்விட்டாள். குழு உடனே கூடி, ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. வருகிற ஆடியில் தையூர் கோயில் கச்சேரிக்கு வாசிக்கப்போவது அவள்தான். கேபிள் சுற்றுவது என் பொறுப்பு. சவுண்ட் சர்வீஸ் தம்பி அவளை “மேடம்” என்கிறான், என்னை, “அண்ணா, அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அப்படியே நகத்துங்க.”