ஓடுகிறவனைத் துரத்தாதே

எங்கள் வரதராஜன்பேட்டை திருச்சி மாவட்டத்தில் இருந்த காலம் அது. பெரம்பலூரும் அரியலூரும் தனி மாவட்டங்கள் ஆகவில்லை. 1980களில், முந்திரிக் கொல்லைகளை ஒட்டிய செம்மண் தரையில் கபடி ஆடிய பையன்களுக்கு ஒரே பயம்தான்: ஓடிப் பாடுகிறவன். நின்று நிதானித்துக் காலை நீட்டுகிறவனை எப்படியும் மடக்கிவிடலாம். கோட்டைத் தாண்டியதும் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் குறுக்கே ஓடி, ஆசைப்பட்டு எட்டு வைக்கிறவனின் தோளைத் தட்டிவிட்டு வந்த வேகத்திலேயே திரும்புகிறவனை என்ன செய்வது?

எங்களுக்குப் பிடி சொல்லிக்கொடுத்த அண்ணன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். பகலெல்லாம் கொல்லை வேலை, சாயங்காலம் கபடி. அவர் சொன்னது இவ்வளவுதான்: "தொரத்தாதடா. அவன் திரும்பிப் போற வழியில நில்லு. கோட்டுக்கு அவன் வந்துதானே ஆவணும்."

ஏழு பேரும் கைகோத்து நிற்போம். ஓடுகிறவன் இடப்பக்கம் போனால் வரிசை முழுவதும் அந்தப் பக்கம் சரியும். ஆனால் நடுவை ஒட்டி வலப்பக்கம் நிற்கும் கவர் மட்டும் அரை எட்டு முன்னால் வந்து, அவன் திரும்பும் குறுக்குப் பாதையை அடைப்பான். வரிசையின் ஓரத்தில், கார்னரில், நிற்பவனுக்குக் கண்ணெல்லாம் அவன் பாதத்தின்மேல். ஓட்டக்காரனும் திரும்பும்போது ஒரு காலில் பாரத்தை ஊன்றித்தான் ஆகவேண்டும். ஊன்றிய அந்தக் கணத்தில் கணுக்காலில் கை விழவேண்டும். விழுந்ததும் மற்றவர்கள் மேலே பாயவேண்டும். தனியாகப் பாய்ந்தவனை அண்ணன் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்காரவைப்பார். பிடித்துவிட்டாலும் உட்காரவைப்பார்! அது அநியாயம் என்று அன்று எங்களுக்குத் தோன்றியது. அவர் செய்ததுதான் சரி என்று இன்று எவரோடும் வாதாடுவேன்.

இன்று பேரப்பிள்ளைகள் கைபேசியில் புரோ கபடி பார்க்கிறார்கள். 2014இல் தொடங்கிய போட்டி அது. நம் தமிழ்நாட்டு அணியான தமிழ் தலைவாஸ் 2017இல் சேர்ந்தது. மண் போய் மேட் வந்துவிட்டது. மூச்சை அடக்கிப் பாடிய காலம் போய், பாடிப் போய் வரும் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி என்று கடிகாரம் ஓடுகிறது. ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் ஆடுகளம். ஓர் அணி தொடர்ந்து இரண்டு ரெய்டில் வெறுமனே திரும்பினால் மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அவுட். களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது ரெய்டரை மடக்கினால் இரண்டு புள்ளி. இந்த விதிகளையெல்லாம் பார்க்கும்போது, பிடிப்பவர்களின் பொறுமைக்குக் கூலி கொடுக்கவே எழுதியதுபோல எனக்குத் தோன்றுகிறது. எதிரணிக்கு இரண்டு முறை எதையும் கொடுக்காமல் பின்வாங்கி நின்றால் போதும். மூன்றாவது முறை வருகிறவன் ஆழமாக உள்ளே வந்தாகவேண்டும். அப்போது ஓட இடம் இருக்காது.

வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரப் பையன் அமெரிக்கன் ஃபுட்பால் பற்றிச் சொன்னபோது அங்கேயும் இதே பாடம் இருப்பதைக் கண்டேன். பந்தை எறிய வேண்டிய குவாட்டர்பேக் சில சமயம் பந்தோடு தானே ஓடிவிடுவான். லாமர் ஜாக்சன் என்பவர் 2019 பருவத்தில் மட்டும் 1,206 கெஜம் ஓடினார். அந்த இடத்தில் ஆடுபவர் எவரும் ஒரு பருவத்தில் அதுவரை அவ்வளவு ஓடியதில்லை. அத்தகையவரை நிறுத்த, ஓரத்தில் நிற்பவன் உள்ளே பாயாமல் வெளிப்பக்கத்தைக் காக்கவேண்டும். ஓரக்காரன் ஆசைப்பட்டு உள்ளே வருகிறானா என்று பார்த்துத்தான் குவாட்டர்பேக் பல சமயம் ஓடவே முடிவெடுப்பான். இன்னொருவன் பந்தை மறந்துவிட்டு அவனையே நிழல்போலத் தொடரவேண்டும். எங்கள் கார்னரும் கவரும் செய்தது வேறென்ன?

இந்தப் பாடத்தை நமக்கே திருப்பிக் கற்பித்தவர்கள் ஈரானியர்கள். 1990 பெய்ஜிங் முதல் 2014 வரை ஏழு ஆசிய விளையாட்டுகளிலும் ஆண்கள் கபடித் தங்கம் இந்தியாவுக்கே. 2018 ஜகார்த்தா அரையிறுதியில் ஈரான் 27–18 என்று நம்மை வீழ்த்தியது. ஈரானின் பிடி வரிசைக்குத் தூணாக நின்ற ஃபசல் அத்ராச்சலி நம் புரோ கபடியில் ஆடிப் பழகியவர். அதே 2018 ஏலத்தில் ஒரு கோடி ரூபாயை முதலில் தொட்டவரும் அவர்தான். அன்று தொலைக்காட்சியில் நம் ரெய்டர்கள் ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் ஈரானியர் ஆடியது சுத்தமான கபடி.

இன்னொன்று நம் அணியிலேயே நடந்தது. 2022இல் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்து பவன் ஷெராவத்தை எடுத்தது. ஓட்டத்திலேயே கைநீட்டித் தொடுவதில் அவருக்கு நிகர் குறைவு. முதல் ஆட்டத்திலேயே, எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போனபோது, அவருக்கு முழங்காலில் அடிபட்டது. அந்தப் பருவம் அவருக்கு அதோடு முடிந்தது. தலைவாஸ் கதை முடிந்தது என்றே பலர் பேசினார்கள். நரேந்தர் என்ற இளம் ரெய்டர் ஒரு பக்கம் புள்ளி சேர்க்க, சாகர், சாஹில் குலியா, அபிஷேக் என்று பிடிக்காரர்கள் மறுபக்கம் கோட்டை கட்டினார்கள். அணி முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது அந்த ஆண்டுதான்.

கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த பிடிக்காரர் தர்மராஜ் சேரலாதனை நினைத்துப் பார்க்கிறேன். 2016இல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் அவர் ஆடியபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பிடிக்காரருக்கு வேகம் குறைந்தாலும் எங்கே நிற்கவேண்டும் என்ற கணக்கு குறையாது.

எங்கள் பக்கத்துப் பொங்கல் ஆட்டங்களில் இப்போது மின்விளக்கு, மைக், மரத்தூள் பரப்பிய களம் எல்லாம் உண்டு. பையன்களிடம் நாங்கள் கனவிலும் காணாத உடற்கட்டு இருக்கிறது. கைகோக்கும் பழக்கம் மட்டும் குறைந்துவிட்டது. ஓடி வருகிறவன்மேல் ஆளாளுக்குத் தாவுகிறார்கள். தாவிப் பிடித்தால்தான் கைத்தட்டல் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் முழங்கால் போன பிள்ளைகளை நான் அறிவேன். வயலும் கொல்லையும் நம்பியிருக்கும் வீட்டில் ஒரு முழங்கால் போவது சின்ன விஷயம் இல்லை.

போட்டி நடத்தும் தம்பிகளுக்கு என் வேண்டுகோள் இது. சிறந்த ரெய்டருக்கு எவ்வளவு பரிசோ அதே தொகையைச் சிறந்த பிடிக்காரருக்கும் கொடுங்கள். கைகோத்துச் சேர்ந்து மடக்கிய பிடிக்கு மைக்கில் ஏழு பேரின் பெயரையும் சொல்லுங்கள். வருகிற பொங்கலுக்கே தொடங்குங்கள்.