மூக்குள்ள லாரியும் மூக்கில்லாத லாரியும்

அமெரிக்காவில் ஓடும் கனரக லாரிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூக்கு உண்டு; ஐரோப்பிய லாரிகளுக்கு இல்லை. கென்வொர்த், பீட்டர்பில்ட், ஃபிரெய்ட்லைனர், மேக் ஆகியவற்றில் எஞ்சின் முன்னால் நீண்டிருக்கும். டிரைவர் அதன் பின்னால் உட்காருவார். ஸ்கேனியா, வால்வோ, டாஃப், மான் ஆகியவற்றில் டிரைவர் எஞ்சினின் தலைமேலேயே உட்காருவார். இரண்டில் ஓட்டுவதற்கு எது சிறந்தது?

இந்தக் கேள்வி அந்தமானில் ஏன் எழுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. சிக்னல் கிடைக்காத ஜெட்டிக்கென்று முந்தின இரவே லாரி வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் தீவில் யாருக்குத்தான் இல்லை? சென்ற வாரம் மிடில் ஸ்ட்ரெயிட் ஜெட்டியில், வண்டிகளை ஏற்றிப்போகும் படகு வந்து நின்ற பிறகும் வரிசையின் முதல் லாரி நகரவில்லை. அதன் டிரைவரும் பக்கத்து லாரிக்காரரும் பீட்டர்பில்ட்டா ஸ்கேனியாவா என்று ஒரே செல்போனுக்குள் தலையை விட்டு வழக்காடிக்கொண்டிருந்தார்கள். படகு நாலு கார்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டது. பின்னால் நின்று ஹாரன் அடித்தவர்களுள் இக்கட்டுரையின் ஆசிரியரும் ஒருவர். அவருக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆகவே நடுநிலையை வாசகர் ஓரளவுக்கே எதிர்பார்க்க வேண்டும்.

மூக்கு வந்தது நாட்டின் குணத்தால் அல்ல, சட்டத்தால். ஐரோப்பிய ஒன்றியத்தில் டிரெய்லரோடு சேர்த்து லாரியின் மொத்த நீளம் பொதுவாக 16.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. மூக்குக்கு ஒரு மீட்டர் கொடுத்தால் சரக்குக்கு ஒரு மீட்டர் போயிற்று. எந்த முதலாளி கொடுப்பார்? அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டுச் சட்டம் முக்கிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீளத்தை அளப்பதை விட்டுவிட்டு, டிரெய்லரை மட்டும் அளக்கச் சொன்னது. அதற்கு முன் அமெரிக்கர்களும் மூக்கில்லாத லாரிகளை ஏராளமாக ஓட்டியவர்களே. இன்று அங்கே வழக்கத்திலுள்ள டிரெய்லர் 53 அடி, அதாவது 16 மீட்டருக்குச் சற்று மேல். ஐரோப்பாவில் முழு வண்டிக்கும் விட்ட நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

டிரைவருக்கு இதனால் வரும் நன்மை தீமைகள் வெளிப்படை. மூக்குள்ள வண்டியில் முன் அச்சுக்குப் பின்னால் உட்காருவதால் பள்ளம் இடுப்பை அவ்வளவாக எட்டாது. எஞ்சின் சத்தமும் சூடும் தள்ளியே இருக்கும். ஆனால் மூக்குக்கு முன்னால் ஆடு நின்றால் தெரியாது. மூக்கில்லாத வண்டி குறுகிய திருப்பத்தில் திரும்பும். ஆனால் எஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றால் கேபினையே முன்னால் கவிழ்க்க வேண்டும். சாப்பாட்டுத் தூக்கு, செருப்பு, சாமி படம், தேடிக் கிடைக்காத ரசீது எல்லாம் அப்போது கண்ணாடியில் வந்து மோதும்.

இனி, படுக்கை அறையும் 53 அடி டிரெய்லரும் கொண்ட ஓர் அமெரிக்க லாரி பாராடாங் தீவுக்குப் போவதாகக் கொள்வோம். சென்னையிலிருந்து கப்பலில் போர்ட் பிளேர், இப்போதைய ஸ்ரீ விஜயபுரம், வந்து இறங்கி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் போலீஸ் துணையோடு போகும் கான்வாய்க்குக் காத்திருந்து, ஜாரவா பழங்குடியினருக்கு ஒதுக்கிய காட்டைக் கடந்து மிடில் ஸ்ட்ரெயிட்டை அடைகிறது. ஹம்ப்ரி நீரிணைக்குப் பாலம் வந்துவிட்டது. ஆஸ்டின் நீரிணைக்கும் பாலம் உண்டு. இங்கே மட்டும் இன்னும் படகுதான். லாரியின் மூக்கு படகில் ஏறுகிறது. மூக்கு ஏறி முடிந்ததும் டிரைவர் ஏறுகிறார். டிரைவருக்குப் பின்னால் அவருடைய படுக்கை ஏறுகிறது. கட்டில், ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் ஏறுகின்றன. இதற்குள் படகு முடிந்துவிடுகிறது. டிரெய்லர் முழுவதும் இன்னும் தெற்கு அந்தமானில் நிற்கிறது. மூக்கை மடக்கச் சொல்லிப் படகுக்காரர் கத்துகிறார். மூக்கு மடங்காது என்று டிரைவர் ஆங்கிலத்தில் சொல்கிறார். அதைக் கிளீனர் இந்தியில் சொல்கிறார். பஸ்ஸிலிருந்து இறங்கிய ரங்கத்துப் பெரியவர் ஒருவர் தமிழில் சொல்கிறார். டிக்கெட் போடுபவருக்கு இன்னொரு சிக்கல். அவருடைய அட்டவணையில் பஸ், லாரி, கார், பைக் என்று இருக்கிறதே தவிர, கட்டிலும் அடுப்பும் உள்ள பொருளுக்குத் தனி விகிதம் இல்லை. அது வாகனமா வீடா? வீடென்றால் பஞ்சாயத்து வரி கட்டியாயிற்றா? பேச்சு முடிவதற்குள் மூக்கின்மேல் இரண்டு கூடை கத்தரிக்காயும் ஒரு கட்டு முருங்கைக்காயும் வைக்கப்படுகின்றன. தட்டையான இடம் எதையும் தீவில் யாரும் வெறுமனே விடுவதில்லை. மாயாபந்தரில் கல்யாணத்துக்குப் போகிற குடும்பம் மூக்கின் நிழலில் பாயை விரிக்கிறது. ஆம்புலன்ஸ் ஒன்று வருகிறது. எல்லோரும் இறங்க வேண்டும். கத்தரிக்காய் இறங்க வேண்டும். படுக்கை இறங்க வேண்டும். கடைசியாக மூக்கு இறங்க வேண்டும். அமெரிக்க லாரி ரிவர்ஸில், 53 அடி டிரெய்லரைப் பின்னால் தள்ளிக்கொண்டு, பின்னால் நிற்கும் கான்வாய் முழுவதையும் காட்டுக்குள் தள்ளப் பார்க்கிறது. அந்தக் காட்டில் வண்டியை நிறுத்தவே அனுமதி இல்லை. இது ஐரோப்பிய லாரிக்கு வெற்றி என்று கொள்ளக்கூடாது. 16.5 மீட்டருக்கும் அந்தப் படகில் இதே கதைதான், மூக்கு ஒன்றைத் தவிர. ஆகவேதான் இங்கே பெரும்பாலும் ஓடுவது இரண்டு, மூன்று அச்சு வண்டிகள்.

அடுத்தது கியர். பழைய அமெரிக்க லாரிகளின் ஈட்டன் ஃபுல்லர் கியர்பாக்ஸில் 10, 13, 18 என்று கியர்கள் உண்டு, பல்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒத்திசைக்கும் சிங்க்ரோ கிடையாது. ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும், அல்லது எஞ்சின் வேகத்தைக் காதால் கணித்துக் கிளட்சே இல்லாமல் தள்ள வேண்டும். ஐரோப்பியர் இந்த வித்தையைத் தானியங்கிக்கு விட்டுவிட்டார்கள். வால்வோவின் ஐ-ஷிஃப்ட் 2001இல் வந்தது, அதில் கிளட்ச் பெடலே இல்லை. அமெரிக்காவிலும் புதிய வண்டிகள் அந்த வழிக்கே வந்துகொண்டிருக்கின்றன. டபுள் கிளட்ச் தெரியாதவன் டிரைவரே இல்லை என்று சொல்லும் மூத்த டிரைவர்கள் எல்லாத் தீவிலும் உண்டு. அவர்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைச் சொல்வார்கள்.

வேகத்தில் ஐரோப்பிய லாரி மணிக்கு 90 கிலோமீட்டரோடு கருவியால் கட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் அப்படியொரு நாடு தழுவிய கட்டாயம் இல்லை. 2020இல் வந்த ஸ்கேனியா வி8 எஞ்சினுக்கு 770 குதிரைத்திறன். ஜிர்காடாங் கான்வாயில் வேகம் 40க்கு மேல் கூடாது, முந்தக்கூடாது. 1978இல் வந்த ‘கான்வாய்’ என்ற அமெரிக்கப் படத்தில் லாரிகள் முன்னால் ஓடும், போலீஸ் பின்னால் துரத்தும். இங்கே போலீஸ் முன்னால் போகும், லாரிகள் பின்னால் ஊரும். 770 குதிரைகளில் எழுநூறுக்கு அன்று விடுமுறை.

பிறகு, யாருடைய லாரி என்பது. ஃபிரெய்ட்லைனர் 1981 முதல் ஜெர்மனியின் டைம்லர் குடும்பம். மேக் 2001 முதல் ஸ்வீடனின் வால்வோவுக்குச் சொந்தம். இன்டர்நேஷனல் லாரியைச் செய்யும் நாவிஸ்டாரை 2021இல் ஃபோக்ஸ்வாகனின் டிராட்டன் வாங்கிவிட்டது. கென்வொர்த்தும் பீட்டர்பில்ட்டும் மட்டும் அமெரிக்கப் பாக்கார் நிறுவனத்திடம் உள்ளன. அந்தப் பாக்காரோ 1996இல் நெதர்லாந்தின் டாஃபை வாங்கிக்கொண்டது. இந்தியாவில் டாடா லாரி 1954இல் டைம்லர்-பென்ஸ் கூட்டில் ஜம்ஷெட்பூரில் பிறந்தது, அதுவும் மூக்கோடு. எண்ணூர் அசோக் லேலண்டின் மூலம் பிரிட்டன். 2012இல் ஒரகடத்திலிருந்து வந்த பாரத்பென்ஸும் டைம்லர் வழிதான். தீவின் டிரைவர்கள் இத்தனை காலம் ஓட்டியது ஐரோப்பிய வம்சத்தைத்தான்; இதைச் சொன்னால் ஜெட்டியில் யாரும் கேட்பதில்லை.

கடைசியாக வேலை நேரம். ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு. நாளுக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் 10 வரை. அமெரிக்காவில் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம்; இடையில் சும்மா நின்றாலும் அந்த 14 கரைந்துகொண்டே இருக்கும். இந்தியாவில் 2025 வரை இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம் என்றது. படகில் போகும் டிரைவருக்கும் ஐரோப்பியச் சட்டத்தில் தனி விதி உண்டு: அவருடைய ஓய்வை இரண்டு முறைக்கு மேல் கலைக்கக்கூடாது, கலைத்த நேரம் மொத்தம் ஒரு மணியைத் தாண்டக்கூடாது, படுக்க அவருக்குக் கட்டில் வேண்டும். மிடில் ஸ்ட்ரெயிட்டில் கட்டில் விரிப்பதற்குள் அக்கரை வந்துவிடும். நேரமெல்லாம் போவது இக்கரையில். முதலாளி கணக்கில் அது ஓய்வு, ஏனென்றால் சக்கரம் உருளவில்லை. டிரைவர் கணக்கில் அது வேலை, ஏனென்றால் கண்ணை மூடினால் வரிசை போய்விடும். இந்த இழுபறிக்கு இதுவரை கிடைத்திருக்கும் நிவாரணம் ஒரு டீ. அதற்கும் காசு டிரைவருடையது.