தட்டு பெரிசா, ஸ்பூல் பெரிசா?

சிம்மக்கல் வாசகர்: ஸ்பூல் டேப், எல்.பி. ரெக்கார்டு – எதில் ஒலி சுத்தம்? ஒரே வரியில் சொல்லவும்.

ஸ்டுடியோ ஸ்பூல் என்றால் ஸ்பூல். வீட்டு ஸ்பூல் என்றால் ரெக்கார்டு.

அதே வாசகர்: புரியவில்லையே?

ஒரு வரி கேட்டால் அப்படித்தான். எல்.பி.யில் வந்த பாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே முதலில் டேப்பில் பதிவானவை. ஸ்டுடியோவில் அந்த நாடா விநாடிக்கு 15 அங்குலம் ஓடும். அதிலிருந்து தட்டு வெட்டி, உலோக அச்செடுத்து, கல்கத்தா டம்டம் ஆலையில் அழுத்தியதுதான் எச்.எம்.வி. உறையில் நம் கைக்கு வந்தது. ஆக, மாஸ்டர் டேப்பைத் தட்டு ஜெயிக்க வழியில்லை. ஆனால் உங்கள் பரண் மேல் இருக்கும் ஸ்பூல் மாஸ்டரா? ரேடியோ முன்னால் மைக்கை நீட்டி, நாடா மிச்சமாகட்டும் என்று 3¾ அங்குல வேகத்தில் பிடித்தது. வேகம் குறைந்தால் மேல் ஒலிகள் மங்கும், உஸ்ஸென்ற இரைச்சல் முன்னால் வரும். சிக்கனத்துக்குக் கொடுத்த விலை.

செல்லூர் வாசகர்: எல்.பி.யில் கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்கிறதே, ஊசி கோளாறா?

ஊசியையும் பாருங்கள். ஆனால் கோளாறு தட்டின் பிறவியிலேயே உண்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது மாறாது. வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, லேபிள் பக்கம் வரும்போது 20 செ.மீ. சொச்சம்தான். மதுரையில் வெளியே மாசி வீதியில் நின்ற திருவிழாக் கூட்டத்தை அப்படியே கோயிலுக்குள்ளிருக்கும் ஆடி வீதியில் திணித்தால் எப்படியிருக்கும்? அந்த நெரிசல்தான் கரகரப்பு. ஸ்பூலுக்கு இந்த வம்பே இல்லை. முதல் அடியும் கடைசி அடியும் ஒரே வேகம்.

அண்ணா நகர் வாசகர்: மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து பழைய டர்ன்டேபிள் கொண்டுவந்தார். டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் டி.எம்.எஸ். குரல் இழுக்கிறது.

வோல்ட்டை மாற்றினீர்கள், ஹெர்ட்ஸை விட்டுவிட்டீர்கள். அந்தக் காலத்து மோட்டார்கள் பல கரண்டின் துடிப்புக்கு ஏற்பச் சுற்றுபவை. அங்கே 60, இங்கே 50. ஆறில் ஒரு பங்கு வேகம் போச்சு. ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். நம்ம மதுரைக்காரர் குரலை இப்படியா கேட்பது? 50 ஹெர்ட்ஸுக்கான கப்பியை மெக்கானிக்கிடம் சொல்லி மாட்டுங்கள். மாப்பிள்ளையை ஒன்றும் சொல்லாதீர்கள்.

மேலூர் வாசகர்: கோயில் திருவிழாவில் மைக் செட்காரர்கள் அன்று ஸ்பூலைத் தொடாதது ஏன்?

கூம்புக் குழாயில் எதைப் போட்டாலும் ஒரே சத்தம்தான். தரத்தை யார் பார்த்தார்கள்? ரெக்கார்டில் வேண்டிய பாட்டின் மேல் ஊசியை வைத்தால் முடிந்தது. ஸ்பூலில் நாடாவைக் கோத்து, ஓட்டி, தேடுவதற்குள் சாமி அடுத்த தெருவுக்குப் போய்விடும். ‘பராசக்தி’ வசனத்தையும் ‘திருவிளையாடல்’ தருமியையும் ஊருக்கே மனப்பாடமாக்கியது இந்த வசதிதான்.

திருமங்கலம் வாசகர்: எம்.எஸ். முதல் ரெக்கார்டு பாடியபோது டேப் இருந்ததா?

கிடையாது. 1916-ல் மதுரையில் பிறந்தவர், சுமார் பத்து வயதில் பாடினார். ஜெர்மன்காரர்கள் மேக்னட்டோஃபோன் என்ற டேப் ரெக்கார்டரை பெர்லின் கண்காட்சிக்குக் கொண்டுவந்ததே 1935-ல்தான். அந்தக் குழந்தை மெழுகுத் தட்டுக்கு நேராகப் பாடியாக வேண்டும். தப்பினால் வெட்டி ஒட்ட முடியாது, மறுபடி முதலிலிருந்து.

வாடிப்பட்டி வாசகர்: புது எல்.பி. ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறார்களே, வாங்கலாமா?

உறையைத் திருப்பிப் பாருங்கள். மாஸ்டர் டேப்பிலிருந்து வெட்டியது என்று இருந்தால் யோசியுங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டர் ஃபைலிலிருந்து வெட்டியதாக இருக்கலாம். உறைப் படத்துக்குக் காசு கொடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பரங்குன்றம் வாசகர்: அப்பா பிடித்த மதுரை சோமு கச்சேரி ஸ்பூலை நண்பர் மிஷினில் போட்டால், பாட்டுக்கு அடியில் யாரோ தலைகீழாகப் பேசுகிறார். பேயா?

மறுபக்கம்! நான்கு தடத்தில் பதிந்த நாடாவை இரண்டு தட ஹெட்டில் ஓட்டியிருக்கிறீர்கள். திருப்பிப் போட்டுக் கேட்கவேண்டிய பக்கமும் பின்னாலிருந்து சேர்ந்து ஒலிக்கிறது. நான்கு தட மிஷின் தேடுங்கள். தட்டின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் அடங்கும். விஸ்தாரமாகப் பாடும் சோமுவுக்கு அது எம்மாத்திரம்? இந்த இடத்தில் தரம் பேச வேண்டாம், ஸ்பூலே ஜெயித்தது. வெள்ளைப் பூஞ்சை இருந்தால் ஓட்டாதீர்கள்; தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். எச்.எம்.வி. தட்டு ஆயிரம் வீட்டில் இருக்கும். அப்பா பிடித்த அந்தக் கச்சேரி உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.