குளிரில்லா ஊரில் குளிர்காலக் கவாத்து: திருவனந்தபுரத்து வீட்டு மரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

குளிர்காலக் கவாத்தைப் பற்றிய நூல்கள் யாவும் குளிர்காலம் என்று ஒன்று உண்டு என்னும் எடுகோளிலிருந்தே தொடங்குகின்றன. வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் அமைந்து, ஜனவரி இரவிலும் வெப்பமானி 22, 23 பாகைக்குக் கீழே இறங்கத் தயங்கும் திருவனந்தபுரத்தில் இவ்வெடுகோளையே முதலில் நிறுவ வேண்டியுள்ளது. சுவாதித் திருநாள் மகாராஜா 1830களில் எழுப்பி, ஜான் கால்டிகாட்டின் பொறுப்பில் விட்ட வானாய்வகம் இவ்வகையில் உதவாது. அளவைக் கருவிகள் குளிர்காலத்திற்கு எதிராகவே சாட்சி சொல்லும். ஆகவே கருவியைவிட மனித நடத்தையை நம்பும் ஆய்வுமுறையைப் பின்பற்றி, துலாவர்ஷம் எனப்படும் ஐப்பசி மழை ஓய்ந்து, காலை நடைக்குக் கிளம்பும் பெரியவர்களின் காதுகளை மஃப்ளர் மூடத் தொடங்கி, மின்விசிறி ஐந்தாம் எண்ணிலிருந்து மூன்றுக்கு இறங்கும் தனு, மகரம் ஆகிய இரு மாதங்களை, அதாவது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரையுள்ள காலத்தை, இக்கட்டுரை குளிர்காலமாக ஏற்கிறது.

கவாத்து என்பது மரத்தின் வடிவம், நலம், விளைச்சல் ஆகியவற்றைக் கருதித் தேவையற்ற கொப்புகளைக் கழிப்பதாகும். குளிர்நாடுகளில் இதற்குக் குளிர்காலத்தைத் தேர்வதற்குத் தக்க காரணங்கள் உள்ளன: இலையுதிர்த்த மரம் தன் மாவுச்சத்தை வேரிலும் கட்டையிலும் சேமித்துவிட்டு உறங்குகிறது; மறைக்க இலையில்லாமையால் எந்தக் கொப்பு எதனோடு உரசுகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது; பூஞ்சையும் பூச்சியும் அடங்கியிருக்கின்றன. அமெரிக்காவில் ஓக் மரத்தை வசந்தத்தில் வெட்டினால், பச்சைக் காயத்தைத் தேடி வரும் வண்டுகள் வாடல் நோயின் பூஞ்சையையும் உடன் கொண்டுவரும் என்பதால், அங்கே அரிவாளுக்கும் பருவ ஒழுக்கம் விதிக்கப்பட்டுள்ளது.

திருவனந்தபுரத்து மரங்களுக்கு இந்நூல்கள் படிக்கக் கிடைக்கவில்லை போலும். உறங்க வேண்டிய அதே மாதங்களில் மாமரம் கொப்பு நுனிகளில் பூத்து நிற்கிறது. ஆதலால் தனு மாதத்தில் மாவைக் கழிப்பவர் மேட மாதத்தில் மாங்காயைச் சாலைச் சந்தையில் விலை பேசி வாங்குவார். மாவுக்குரிய காலம் காய் பறித்த பின்பே வருகிறது. பிலாமரம் அடிமரத்திலும் தடித்த கொப்புகளிலும் காய்ப்பதால் உச்சியில் சிலவற்றை இழந்தும் சக்கை தரும்; இப்பெருந்தன்மை தெரிந்தே வீட்டுக்காரர்கள் அதனிடம் அத்துமீறுகின்றனர். முருங்கையோ கவாத்தைத் தண்டனையாகக் கருதுவதே இல்லை: பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 வகையை அறுவடைக்குப் பின் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி உயரத்தில் வெட்டி மறுதாம்புக்கு விடுவதே முறையாக இருக்க, வெட்டிய போத்தை ஈர மண்ணில் ஊன்றினால் அதுவும் மரமாகிவிடும் என்பதால், முருங்கை மரத்தைக் குறைக்க முயன்றவர் அதைப் பெருக்கியவராக முடிவதும் உண்டு. தென்னைக்கு உச்சியில் இருப்பது ஒரே குருத்து. அதைக் கழிப்பது கவாத்தன்று, கொலை. அதனிடம் உதிரக் காத்திருக்கும் காய்ந்த மட்டையையும் பாளையையும் மட்டுமே கேட்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு மரத்திற்கென ஒரு நன்மை எஞ்சுகிறது, அது உலர்ச்சி. மழை ஓய்ந்த மாதங்களில் இட்ட வெட்டுவாயில் ஈரம் தங்காது. பூஞ்சை வித்துகள் தெறித்துப் பரவவும் வழி குறைவு. ஆனால் வெட்டும் இடம் சரியாக இருந்தால்தான் இந்த நன்மை கிட்டும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துக் கண்டபடி, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுவரெழுப்பி அடைத்துவைக்கிறது. கொப்பு பிரியும் இடத்தில் சற்றே புடைத்திருக்கும் கிளைக்கழுத்தே அச்சுவர் எழும் இடமாதலால், அதைச் சீவாமல் அதற்கு வெளியே வெட்ட வேண்டும். காயத்தின் மேல் தாரும் பெயின்டும் பூசுவது அழுகலைத் தடுப்பதில்லை என்றும் அவர் நிறுவினார். வீட்டில் மிச்சமிருக்கும் பெயின்டைத் தீர்க்க வேறு வழி தேடிக்கொள்வது நல்லது.

எஞ்சிய நன்மைகள் யாவும் மனிதருக்குரியவை. அவற்றுள் முதலாவது, முந்திக்கொள்ளுதல். இடவப்பாதி மழை ஜூன் தொடக்கத்தில் வருமுன் மின்கம்பிகளைத் தொடும் கொப்புகளை மின்வாரியம் அகற்றும். ‘டச்சிங் வெட்டுதல்’ என ஊரார் அழைக்கும் இப்பணியின் நோக்கம் கம்பியின் நலமேயன்றி மரத்தின் அழகன்று. ஆதலால் மகர மாதத்தில் தாமே அளவாகக் கழித்தவருக்கு மரம் மரமாக நிற்கும். மேடம் வரை காத்திருந்தவருக்கு நடுவே வானம் திறந்த புதியதொரு வடிவம் இலவசமாகக் கிடைக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரத்திலும் மரங்களைச் சாய்த்த பின், பட்டுப்போன கொப்பைத் தள்ளிப்போடுபவரின் வாதங்கள் வலுவிழந்துவிட்டன.

இரண்டாவது, விறகு. தனுவில் கழித்தது கும்பத்தில் காய்ந்திருக்கும். கும்பத்தில்தான் ஆற்றுகால் பொங்காலை. 2009இல் 25 லட்சம் பெண்கள் திரண்டதாகக் கின்னஸ் பதிவேடு குறித்த அவ்விழாவில், நகரத் தெருக்களெங்கும் செங்கல் அடுப்புகள் எரிய, காய்ந்த மட்டைக்கும் பாளைக்கும் சுள்ளிக்கும் உள்ள மதிப்பைத் தாவரவியல் நூல்கள் கணக்கிலெடுக்காதது பெருங்குறையாகும்.

மூன்றாவது, மதில்: தம் கொப்பைத் தாமே முந்திக் கழித்தவருக்கு அண்டை வீட்டாரோடு வழக்கு மிச்சம். 1894இல் லெமன் எதிர் வெப் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, அண்டை வீட்டு மரத்தின் கொப்பு தன் நிலத்தின் மேல் நீண்டால் முன்னறிவிப்பின்றியே வெட்டலாம், அண்டை நிலத்தில் கால் வைக்கத்தான் கூடாது என்றது. 1919இல் மில்ஸ் எதிர் புரூக்கர் வழக்கில், அவ்வாறு வெட்டிய கொப்பின் ஆப்பிள்கள் மரத்துக்காரருக்கே உரியவை என்று தீர்ந்தது. கொப்புக்கும் கனிக்கும் இவ்வளவு நுட்பமாக நீதி வகுத்தவர்கள், இந்நகரின் சாஸ்தமங்கலத்திலும் கரமனையிலும் மதில்மேல் நடக்கும் வாதங்களின் பெரும்பகுதிக்குக் காரணமான சருகை யார் கூட்டுவது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.