ரெண்டு சொட்டு சீமெண்ணெய்

திருநெல்வேலிக்காரர்களுக்கு நெருப்பைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கார்த்திகைக்குக் கோயில் வாசலில் சொக்கப்பனை எரிவதைப் பார்த்து, விறகடுப்பில் கிண்டிய அல்வாவைத் தின்று, தணலில் சுட்ட கருவாட்டைப் பழையதுக்குத் தொட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டி, 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிகிற வரைக்கும் எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தது. போதாக்குறைக்குச் சிவகளை வேறு. தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் அந்த ஊரில் தோண்டியெடுத்த கரித்துண்டுகளைக் காலக்கணிப்புக்கு அனுப்பித்தான், இங்கே 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு புழங்கியது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. இரும்பு இருந்தால் எங்கேயோ உலை இருந்திருக்கும். உலை இருந்தால், கரியைப் பற்றவைக்கத் தெரிந்த ஆள் ஒருவராவது இருந்திருப்பார்.

அவருடைய வாரிசுகளாகிய நாங்கள், புறவாசலில் அத்தான் துபாயிலிருந்து கொண்டுவந்த பார்பிக்யூ அடுப்பைச் சுற்றி நின்றுகொண்டு, கரி பிடிக்கவில்லை என்று கையைப் பிசைகிறோம். அடுப்பு அழகாகத்தான் இருக்கிறது. உருண்டையாக, மூடி போட்டு, மூன்று காலில் நிற்கிறது. 1952-இல் ஜார்ஜ் ஸ்டீபன் என்ற அமெரிக்கர், தாம் வேலை பார்த்த தொழிற்சாலையில் செய்த மிதவைக் கோளத்தை இரண்டாக வெட்டி இப்படியோர் அடுப்பை முதலில் செய்தார். மிதவையில் பிறந்ததாலோ என்னவோ, எங்கள் வீட்டில் அது நெருப்போடு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

பார்பிக்யூ என்று வந்துவிட்டால் எங்கள் குடும்பம் கட்சிகளாகப் பிரியும்.

முதலாவது, சீமெண்ணெய்க் கட்சி. தலைவர் பெரியப்பா. கட்சியின் தேர்தல் அறிக்கை ஒரே வரிதான். "மாப்ள, ரெண்டு சொட்டு சீமெண்ணெய விடுங்க, எப்படிப் பிடிக்குன்னு பாருங்க." அவருடைய கணக்கில் ரெண்டு சொட்டு என்பது அரை டம்ளருக்குக் குறையாது. ஊற்றிக் குச்சியைக் கிழித்ததும் ஆளுயரத்துக்குத் தீ எழும்பும். பெரியப்பா சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் தீ இறங்கும். கரி போட்டது போட்டபடி கறுப்பாகக் கிடக்கும். அதுவரை எரிந்ததெல்லாம் எண்ணெய். கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம் உண்டு. எரியாமல் மிஞ்சிய எண்ணெயை அது குடித்து வைத்துக்கொண்டு, கோழி வேகும்போது மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும். மசாலாவில் மிளகு தூக்கலா மல்லி தூக்கலா என்ற விவாதத்துக்கே அப்புறம் இடமில்லை.

ரேஷனில் சீமெண்ணெய் அருகிப்போன இந்தக் காலத்தில், கட்சியின் இளைஞரணி பைக்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சப் பார்க்கிறது. இதை மட்டும் சிரிக்காமல் சொல்லிவிடுகிறேன்: கூடவே கூடாது. பெட்ரோல் ஊற்றின மாத்திரத்தில் ஆவியாகி நாலாபக்கமும் பரவும். குச்சியைக் கிழித்தால் அடுப்போடு சேர்ந்து ஆளும் பற்றுவார். அதேபோல், அணைந்துவிட்டதென்று நினைத்துக் கங்கின்மேல் எந்த எண்ணெயையும் திரும்ப ஊற்றக் கூடாது; தீ ஊற்றுகிற வழியே கைக்கு ஏறி வரும்.

இரண்டாவது, கற்பூரக் கட்சி. "சாமிக்கு ஏத்துனா ஒடனே பிடிக்குல்லா, இதுக்கு மட்டும் பிடிக்காதா?" என்பது சித்தியின் வாதம். வாதத்தில் குறையில்லை, கற்பூரம் மிச்சம் வைக்காமல் எரியும். ஆனால் கரி சூடேறுவதற்குள் தன் கடமையை முடித்துக்கொண்டு போய்விடும். தொடர்ந்து போட வேண்டும். ஒரு டப்பா காலியாகிற நேரத்தில், பூஜை அறைக் கற்பூரத்தைக் கோழிக்குக் கொளுத்தலாமா என்று ஆச்சி ஒரு கேள்வி கேட்பாள். கட்சி அந்த இடத்திலேயே இரண்டாக உடையும்.

மூன்றாவது, விஞ்ஞானக் கட்சி. பொறியியல் படித்த தம்பி இதன் ஒரே உறுப்பினன். எக்ஸ்டென்ஷன் பெட்டி, ஹேர் டிரையர், டேபிள் ஃபேன் சகிதமாக வருவான். காற்றுதான் முக்கியம் என்பது அவன் கொள்கை. கொள்கை முழுக்கச் சரி. ஆனால் முதலில் கொஞ்சமாவது கங்கு இருக்க வேண்டும்; பிடிக்காத கரிமேல் காற்றை அடித்தால், ஒட்டியிருக்கிற தூள் பறக்கிறதே ஒழிய வேறொன்றும் நடக்காது. பறந்த தூள், தயிரும் மிளகாய்த்தூளும் பூசி ஊறவைத்த கோழியின்மேல் பாதியும், அடுத்த வீட்டு அண்ணாச்சி கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியின்மேல் மீதியும் இறங்கும். அண்ணாச்சியும் இப்போது விருந்துக்கு வந்தாக வேண்டும்.

மற்றபடி, பழைய பேப்பரைச் சுருட்டிச் சொருகுகிற உதிரிக் கட்சிகள் உண்டு. இத்தனை பேருக்கும் நடுவில் தீப்பெட்டிதான் தேய்கிறது. கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுவந்து 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் எங்கள் புறவாசலைப் பார்த்திருந்தால், இன்னொரு ஆலை போட்டிருப்பார்கள். 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. எங்கள் பக்கத்திலிருந்து அந்தத் தொழிலுக்குச் செய்ய முடிந்த உதவியைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

இந்தக் கரி ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறது? ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிமூட்டத்தை நினைத்துப் பார்த்தால் விளங்கும். சீமைக்கருவேல விறகை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, காற்று அளவாக நுழைகிற மாதிரி வழிவைத்து, நாள்கணக்கில் புழுங்க விடுகிறார்கள். விறகிலிருந்த ஈரமும், கொழுந்துவிட்டு எரியக்கூடிய வாயுக்களும் அங்கேயே புகையாகப் போய்விடும். நமக்கு வருவது பெரும்பாலும் வெறும் கார்பன். விறகு மாதிரி அது கொழுந்துவிடாது. ஒரு பக்கம் நன்றாகச் சுட்டு, அந்தச் சூடு போய்விடாமல் பக்கத்திலேயே நாலு துண்டு இருந்து, கீழேயிருந்து காற்றும் ஏறினால்தான் சிவக்கும். கங்கு வதந்தி மாதிரி. தனியாக விட்டால் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். நாலு ஒன்றுகூடினால் தெருவே பற்றிக்கொள்ளும்.

அத்தான் கூடவே கொண்டுவருகிற சீமைக் கரி அடுக்குக் குலையாத ஒரே அளவுக் கட்டிகளாக இருக்கும். ஹென்றி ஃபோர்டு தம் கார் தொழிற்சாலையில் மிஞ்சிய மரக்கழிவை வீணாக்க மனமில்லாமல் 1920-களில் கரிக்கட்டியாக்கி விற்றார். அந்த வம்சம் இது. இறுக்கி அழுத்திச் செய்ததால், ஒருமுறை பிடித்தால் நெடுநேரம் நின்று எரியும். பிடிப்பதற்குத்தான் நம்மூர்க் கரியைவிட நேரமெடுக்கும். விருந்தாளி பசியோடு வந்திருந்தால் நம்மூர்க் கரியே மேல்.

இந்த ஞானமெல்லாம் எங்கள் தெருமுனையில் தினமும் காலையில் இலவசமாகக் கிடைக்கிறது. இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், பெட்டியில் முதலில் நாலைந்து சிரட்டைத் துண்டு போடுவார். அடியில் கொஞ்சம் தேங்காய்த் தும்பு. ஒரு குச்சி. காய்ந்த சிரட்டை மளமளவென்று எரியும். அது கங்காகிற நேரம் பார்த்து மேலே கரியைக் குவிப்பார். பரப்பமாட்டார். பெட்டியின் பக்கத்துத் துளைகள் காற்று வருகிற பக்கம் பார்த்திருக்கும். அப்புறம் அதைத் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டார். சட்டைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். எங்கள் அடுப்பின் கதையைச் சொன்னபோது தலை நிமிராமலே கேட்டார்: "கீழ காத்து போக வழி இருக்கா, அண்ணாச்சி?"

வழி இருக்கிறது. அடுப்பின் அடியில் அதற்கென்றே ஒரு திருகு மூடி உண்டு. சாம்பல் விழுந்து டைல்ஸ் பாழாகும் என்று அத்தான்தான் அதை இறுக்கி மூடி வைத்திருந்தார்.

திறந்தாயிற்று என்றால், இனிமேல் எளிய வழிகள் மூன்று. முதல் வழி, இஸ்திரிக்காரர் வழி: சிரட்டையும் தும்பும் அடியில், கரி மேலே, குவியலாக. பனை இருக்கிற பக்கத்துக்காரர்கள் காய்ந்த சில்லாட்டையைப் போடலாம். அதைவிட வேகமாகப் பிடிக்கிற சாமான் கிடையாது. இரண்டாவது வழி, சாம்பிராணி வழி. கம்ப்யூட்டர் சாம்பிராணி வருவதற்கு முன்னால் எல்லா வீட்டிலும் செய்ததுதான். இடுக்கியில் பிடித்த சிரட்டைத் துண்டுகளை கேஸ் அடுப்புத் தீயில் காட்டிச் சிவக்கவைத்து, கரிக்குவியலின் நடுவில் வைத்து, பனையோலை விசிறியால் மெள்ள விசிறுவது. மூன்றாவது வழி, தகர டின். இருபக்கமும் வெட்டிய பழைய எண்ணெய் டின்னில் அடியோரமாகச் சுற்றிலும் ஆணியால் துளைபோட்டு, உள்ளே குறுக்காகக் கம்பி கோத்து, மூன்று செங்கல்மேல் நிறுத்த வேண்டும். கம்பிக்குக் கீழே காகிதமும் தும்பும், மேலே கரி. சூடான காற்று மேலே ஏற ஏற, கீழே குளிர்ந்த காற்று தானாக உறிஞ்சப்படும். விசிறி வேண்டாம், தம்பி வேண்டாம். பதினைந்து இருபது நிமிடத்தில் மேல்கரியின் ஓரம் வெளுக்கும். இடுக்கியால் பிடித்து அடுப்பில் கவிழ்த்துவிடலாம். இதையே வெளிநாட்டில் கைப்பிடி போட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

கரியின்மேல் சாம்பல் வெள்ளையாகப் படர்ந்த பிறகுதான் கோழியை வைக்க வேண்டும். கறுப்பாக இருக்கும்போது வைத்தால் புகை ஏறும். செக்கச்செவேலென்று தீ ஆடும்போது வைத்தால் வெளியே கருகி, உள்ளே உயிரோடிருக்கும். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றே வேலையைப் பார்த்துக்கொள்ளும். பொறி பறக்கும் என்பதால் வைக்கோல் போரும் துணிக்கொடியும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஐப்பசி மழையில்தான் விபரீதம். நனைகிறதே என்று அடுப்பைத் தூக்கி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எரிகிற கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ஆளைத் தூக்கம் மாதிரி அமுக்கிக் கொன்றுவிடும். மழை வந்தால் கோழியை உள்ளே கொண்டுவந்து குழம்பு வைத்துவிடுவதே மரியாதை.

நாலாவதாக ஒரு வழி உண்டு, அதுதான் உச்சம். கரி பிடிப்பதில் உள்ள சிரமத்தில் முக்கால்வாசி கரியிடம் இல்லை, சுற்றி நிற்கிறவர்களிடம்தான் இருக்கிறது. காற்று வருகிற பக்கத்தை மறித்து நிற்பதே அவர்கள்தான். ஆகவே விருந்துக்கு எட்டு மணி என்று சொல்லிவிட்டு, ஏழே காலுக்கே, வீட்டில் ஆளரவம் இல்லாதபோது டின்னை மூட்டிவிடுங்கள். எட்டு மணிக்குப் பெரியப்பா வந்து, வெளுத்துத் தயாராக இருக்கிற தணலைப் பார்த்து முகம் வாடி நிற்பார். சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் ஒரு பெரிய மனுசரை நிறுத்திவைப்பது பாவம். "எப்படிப் பிடிச்சுது?" என்று கேட்டால், "நீங்க சொன்ன மாதிரிதான் பெரியப்பா, ரெண்டு சொட்டு சீமெண்ணெய்" என்று சொல்லிவிடுங்கள். கோழிக்கால் ஒன்றைக் கையில் எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல சீமெண்ணெய்லா வாங்கியிருக்க, வாடையே தெரியலியே" என்றபடி இன்னொன்றுக்குக் கை நீட்டுவார்.