செங்கல் சுவர் பாக்கி

பெறுநர்: கீழணையைப் பராமரிக்கும் நீர்வளத் துறை
(கும்பினிப் பொறியாளர்கள் தற்போது கிடைக்காததால், வாரிசு என்ற முறையில்)

ஐயா,

1836-ல் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது உங்கள் முன்னோருக்குக் கருங்கல் தேவைப்பட்டது. மலையைத் தேடி அலைவானேன் என்று எங்கள் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எண்ணூறு வருஷத்துக்கு முன்பே ராஜேந்திர சோழன் செதுக்கி அடுக்கி வைத்த கல், கூலி மிச்சம். தடுக்கப் போன ஊராருக்கு, அவமதிப்புச் செய்ததாகத் தண்டனை. கூடவே ஒரு வாக்குறுதி: கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் சுவர் கட்டித் தரப்படும். அது நிறைவேறவே இல்லை என்று 1855-ல் வெளிவந்த ஆங்கில கெஜட்டியரே வருத்தப்பட்டிருக்கிறது. ஆக, கடன் பத்திரம் எங்கள் கையில் இருக்கிறது.

இப்போது சுவர் கட்ட வந்தால் ஒரு சங்கடம். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோயில் இது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது என்கிறது மத்தியச் சட்டம். இடிக்க அன்று யாரிடமும் மனுப் போடவில்லை. கட்டத்தான் போட வேண்டும். அதனால் பாக்கியைத் தண்ணீராகவே கொடுத்துவிடுங்கள்.

கல் எங்களுடையது. அது மறிக்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் போய், அங்கிருந்து குழாயேறிச் சென்னைக்கும் போகிறது. சென்னைக்காரர்கள் நன்றாகக் குடிக்கட்டும், மனத்தாங்கல் இல்லை. ஆனால் கங்கை நீரை ஊற்றி ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம், பதினாறு மைல் கரை என்று பழைய ஏடுகள் பெருமையடிக்கும் ஏரி, வரத்து வாய்க்கால் தூர்ந்து வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. நீராலான வெற்றித் தூண் என்று செப்பேட்டில் அதற்குப் பேர். வெற்றிக்குக் குறைவில்லை, ஆடிதோறும் விழா எடுக்கிறோம். நீர்தான் இல்லை. ஆழ்துளைக் கிணறு போட வசதி உள்ளவர் நெல் நடுகிறார்; இல்லாதவர் மேட்டு நிலத்து முந்திரியை நம்புகிறார்.

ஏரியைச் சீரமைப்பதாக 2025-ல் அரசு அறிவித்தது. நம்புகிறோம். 1836-லிருந்தே நம்பிப் பழகியவர்கள் நாங்கள்.

இப்படிக்கு,
மதிலைப் பறிகொடுத்தவர்களின் வாரிசுகள்

பி.கு.: சுவரே கட்டுவதென்று முடிவானால், செங்கல்லை வெளியூரில் வாங்குங்கள். மாளிகைமேட்டில் ராஜேந்திரன் அரண்மனையின் அடித்தளச் செங்கல் மட்டுமே மிச்சம். மேலே இருந்ததைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டதில் எங்கள் பாட்டன்மார் உங்கள் பொறியாளர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர்.