தேர்வுக்குழு அண்ணாச்சி

"அந்தக் குட்டப் பயலை எவன்யா பாயின்ட் கார்டா எடுத்தது?"

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு இந்தக் கேள்வி டீக்கடைக்குள் விழுந்தால் அண்ணாச்சி வந்துவிட்டார் என்று அர்த்தம். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நாலாக மடித்த பேப்பர். பெஞ்சில் அவருக்கென்று ஒரு ஓரம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் எதிரே பள்ளிக்கூட மைதானம் முழுசாகத் தெரியும். சிமெண்டுத் தரை, துருப்பிடித்த வளையம். வலை போன வருஷமே போய்விட்டது. மாவட்டப் போட்டிக்குக் கூடைப்பந்து அணியை பி.டி. சார் எடுத்து முடித்துவிட்டார். அதைத் திரும்ப ஒருமுறை எடுக்கிற பொறுப்பு அண்ணாச்சியுடையது.

அண்ணாச்சி கூடைப்பந்து ஆடியதில்லை. ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "தர்மகர்த்தா பூசை பண்ணித்தான் ஆகணுமா தம்பி?" என்றார்.

விஷயம் தெரியாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. பாயின்ட் கார்டு என்றால் யார் என்று டீ மாஸ்டருக்கு அவர் விளக்கியதை நான் எந்தப் பயிற்சியாளரிடமும் கேட்டதில்லை. "கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிறவன் இருக்கான்ல, அவன்தான். அவன் உக்காந்து சாப்பிட மாட்டான். எந்த இலைக்குச் சோறு வரல, எந்த வரிசைக்கு ரசம் போகலன்னு கண்ணு ஓடிக்கிட்டே இருக்கணும்." எட்டு விநாடிக்குள் பந்தைப் பாதி மைதானம் தாண்டிக் கொண்டுபோக வேண்டும், இருபத்து நாலு விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இவ்வளவு அவசரமான பந்தியை யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் பிரச்சினை.

சார் ஒப்படைத்தது குட்டைப் பையனிடம். பந்தைத் தரையோடு தரையாகத் தட்டிக்கொண்டு பம்பரம் மாதிரி சுற்றுவான். அண்ணாச்சியின் வேட்பாளர் திருச்சுழிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற நெட்டைப் பையன். இரண்டு மாதமாக அவனுக்கு வெளியே உட்காருகிற வேலைதான்.

நெட்டையனுக்காக அண்ணாச்சி அமெரிக்காவிலிருந்து சாட்சி கொண்டுவருவார். "2009-ல மினசோட்டாக்காரன் என்ன பண்ணினான் தெரியுமா?" நாற்பதாவது முறை கேட்கிற மாஸ்டர் தலையைத் தூக்காமல் சீனியைக் கலக்குவார். கதை உண்மைதான். அந்த வருஷம் அமெரிக்கக் கூடைப்பந்து அணிகள் புதுமுகங்களைப் பங்குபோட்டபோது ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் கேட்கிற உரிமை மினசோட்டாவுக்கு இருந்தது. இரண்டையும் பாயின்ட் கார்டுகளுக்கே செலவழித்தார்கள்: ரிக்கி ரூபியோ, ஜானி ஃப்ளின். ரூபியோ ஸ்பெயினிலிருந்து வந்துசேரவே இரண்டு வருஷம் ஆனது. ஏழாவதாகக் கேட்ட கோல்டன் ஸ்டேட் அணி ஸ்டீபன் கரியைக் கூட்டிக்கொண்டு போனது. பிறகு நாலு கோப்பை. 2016-ல் ஒரு ஓட்டுக்கூடப் பிசகாமல் அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது. "கிரயத்துக்குப் போயி, பக்கத்துப் புஞ்சைய எழுதிட்டு வந்த கதை" என்று அண்ணாச்சி துண்டை உதறுவார்.

"கரியும் ஒல்லிப்பிச்சான், உடம்பு போதாதுன்னு பெரிய காலேஜெல்லாம் ஒதுக்கின ஆளுதானே அண்ணாச்சி? நம்ம குட்டையனும் அப்படித்தானே?"

"அது வேற."

ஐந்தேகால் அடி உயரமே இருந்த மக்சி போக்ஸ் அதே அமெரிக்காவில் பதினாலு சீசன் பாயின்ட் கார்டாக நின்றாரே என்றேன்.

"அது வேறய்யா."

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பெஞ்சு முழுக்க அவர் கட்சி. 2023 ஜூனில், ஓவல் மைதானத்தில், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். டெஸ்ட் பந்துவீச்சாளர்களில் முதலிடத்தில் இருந்த அஸ்வினை வெளியே உட்காரவைத்து ஆஸ்திரேலியாவிடம் 209 ரன்னில் தோற்றோம். அன்றைக்கு அண்ணாச்சி பேசிய பேச்சுக்கு நானே இரண்டு டீ சொன்னேன்.

வீட்டிலும் அவர்தான் தேர்வுக்குழு. 2018-ல் மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளம் போட்டார். படைப்புழு வந்து குருத்தைத் தின்றுவிட்டது. "அப்பவே பருத்தி போட்டிருக்கணும்" என்று திண்ணையில் உட்கார்ந்து அலுத்துக்கொண்டார். "பருத்தின்னு நான் சொன்னேன். மக்காச்சோளம்னு நீங்கதான சொன்னீக?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அண்ணாச்சி பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஒருநாள் பெஞ்சிலிருந்த பெரியவர், பேச்சை மாற்றலாம் என்று நினைத்தாரோ என்னவோ, ரமண மகரிஷியைக் கொண்டுவந்தார். 1879-ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பள்ளிக்கூட நாட்களில் விளையாட்டுப் பிள்ளை. அவர் சேர்கிற கட்சி ஜெயித்துக்கொண்டே இருந்ததால் கூட்டாளிகள் வைத்த பெயர் 'தங்கக்கை'. பதினாறு வயசில், 1896-ல், திருவண்ணாமலைக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சி கண்ணை மூடி யோசித்தார். "பாத்தீகளா? நல்ல பிளேயரை இந்த ஊர்ல ஒழுங்கா வச்சுக்கத் தெரியல. போயிட்டாரு."

போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. மூன்றாவது பகுதியில் குட்டையனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. சார் திரும்பிப் பார்த்தார், நெட்டையன் எழுந்தான். அண்ணாச்சி பெஞ்சிலிருந்தே எழுந்து நின்றுவிட்டார். பையன் இரண்டு பந்தை எதிராளி கையில் கொடுத்தான். ஒருமுறை எட்டு விநாடிக்குள் பாதியைத் தாண்டவில்லை. ஆறு புள்ளியில் தோற்றோம்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு துண்டு தோள் மாறியது.

"அந்தக் குட்டப் பயலு இருந்திருந்தா இந்தக் கதி வருமா? போன வருஷம் அவனை வெளிய உக்கார வச்சப்பவே நான் சொன்னேன்ல?"

சொன்னார்தான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கும் டீக்காசு நான்தான் கொடுத்தேன். அப்போது உள்ளே ஆடிக்கொண்டிருந்தவன் வேறொருவன். அவனை எவன் எடுத்தது என்றுதான் அன்றைய சண்டை. யார் வெளியே உட்கார்ந்திருக்கிறானோ அவனே அண்ணாச்சியின் ஆள். வெளியே இருக்கிறவன் பந்தைத் தவறவிட்டதை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

அண்ணாச்சியின் பார்வை மைதானத்து ஓரத்துக்குப் போனது. அங்கே ஒரு பையன் எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அவன் யாரு தம்பி? கை நல்லா நீளமா இருக்கே."

அருப்புக்கோட்டைப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தால் அவரிடம் அணியைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். கேட்டுத்தான் தீருவேன் என்றால் டீக்காசு உங்களுடையது.